மெதுவாக எழுப்பினால்

பொட்டலம் வந்த அன்று அவர் அதைத் திறப்பதில்லை. சன்னலோரத்தில், வெயில் நேராக விழாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். உள்ளே இருப்பது விரல் நகத்தில் பாதிகூட இல்லாத ஒரு மின்னணுச் சில்லு. எங்கோ ஒரு கருவிக்குள் வேலை செய்ய மறுத்து, கழற்றப்பட்டு, கறுப்பு நுரைப்பஞ்சில் படுத்து, விமானத்தின் சரக்கறைக் குளிரில் பயணம் செய்து வந்திருக்கிறது. "வந்ததும் வராததுமா என்ன விசாரண? மொதல்ல மூச்சு விடட்டும்" என்பார். குளிரிலிருந்து வந்ததை உடனே திறந்தால் ஈரம் படியும், ஈரம் படிந்தால் பழைய குறை மறைந்து புதுக்குறை முளைக்கும் என்பது காரணம். அந்தக் காரணத்தைக் கேட்டால்தான் சொல்வார். கேட்காதவர்களுக்கு மூச்சு விடட்டும் என்பதே போதும்.

தொழிற்சாலை கொடுத்த பதவிப் பெயர் அவருடைய அடையாள அட்டையில் இரண்டு வரிக்கு நீளும். அதை யாரும் படித்ததில்லை. எல்லோருக்கும் அவர் பதில்காரர். விற்ற சில்லு பழுது என்று திரும்பி வந்தால், ஏன் பழுதானது என்று கண்டுபிடித்து, வாங்கியவருக்குப் பதில் சொல்வது அவர் வேலை. ஆயிரக்கணக்கானோர் வெள்ளை அங்கியில் நடமாடும் அந்தப் பெரிய கட்டடத்தில், வாடிக்கையாளர்கள் அறிந்த குரல் அவருடையது ஒன்றுதான்.

அந்தக் குரலில் இரண்டு விசேஷங்கள். ஒன்று, "கவலைப்படாதீங்க" என்ற சொல் அதில் வராது. "கவலப்படறது அவங்க உரிம. அதைப் புடுங்கிக்க நாம யாரு?" என்பார். மற்றது, "இன்னும் தெரியல" என்பது தாராளமாக வரும். மற்றவர்கள் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு நாலு வார்த்தையைப் போட்டு மூடி மெழுகுவார்கள். இவரோ, மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சொல்வார். "இன்னும் தெரியல. தெரிஞ்சதும் மொதல்ல உங்களுக்குத்தான்." பிறகு பேசாமல் இருப்பார். தொலைபேசியின் மறுமுனையிலும் பேச்சு நின்றுவிடும். இரண்டு பேர் ஒரே குளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல அந்த மௌனம் கொஞ்ச நேரம் நீடிக்கும். அதற்குப் பிறகு வைத்துவிடுவார்கள். கோபத்தோடு கூப்பிட்டவர்கள்கூட அப்படி வைத்துவிடுவதுதான் ஆச்சரியம்.

அவருடைய அறை சோதனைக்கூடத்தை ஒட்டினாற்போல் இருக்கிறது. சுவரில் பாதி கண்ணாடி. அந்தப் பக்கம் இயந்திரக் கைகள் சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு குழியில் வைத்து, மின்சாரம் கொடுத்து எழுப்பி, கேள்வி கேட்டு, பதில் சரியாக வந்தால் ஒரு தட்டிலும் வராவிட்டால் இன்னொரு தட்டிலும் இடும். காற்றுச் சுத்திகரிப்பின் ஓசை ஓயாது. புதிதாக வருகிறவர்களுக்கு அது இரைச்சல். அவருக்கு, எங்கோ தள்ளிப் பெய்கிற மழை. மதியத்தில் அந்த மழையைக் கேட்டபடி உருப்பெருக்கியில் கண்ணை வைத்தாரென்றால், கீழே மேல்மூடி கரைத்தெடுத்த சில்லு ஒன்று விரிந்து கிடக்கும். தெருக்கள், சதுக்கங்கள், கட்டங்கட்டமாக வீடுகள், விளிம்பைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகள். விடியுமுன் மலைமேலிருந்து பார்க்கிற ஊர் மாதிரி இருக்கும். "எல்லாரும் தூங்கறாங்க. யாரோ ஒருத்தர் மட்டும் எழுந்து பால்கனியில நிக்கறாரு. அவரைத்தான் தேடறேன்" என்று உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்வார். கேட்பவருக்கு இவர் தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்று சந்தேகம் வரும்.

வீட்டிலும் இதே கதைதான். தலைவலிக்கிறது என்று மனைவி சொன்னால் தைலத்தை எடுத்து நீட்ட மாட்டார். "எந்தப் பக்கம்? எழுந்திரிக்கும்போதே இருந்துச்சா, வெயில்ல போனதுக்கப்புறமா? குனிஞ்சா கூடுதா?" என்று ஆரம்பித்துவிடுவார். "தலவலிய நான் தாங்கிக்குவேன். இந்த விசாரணையத் தாங்க முடியல. வாரண்டி இல்லாத சாமான்னு விட்டுடுங்க" என்று அந்த அம்மாள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள்.

சோதனைக்கூடத்தின் மேலாளர் அந்த அம்மாளின் தம்பி. பதில்காரருக்கு மச்சான். பதில்காரர்தான் மச்சானை அந்த வேலையில் சேர்த்துவிட்டார் என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு. மச்சான் தன் திறமையில் வந்தவர், வேகமாக ஏறியவர். நல்ல உடம்பு, உரத்த சிரிப்பு. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, பதில்காரரின் அறை வாசலில் வழியை அடைத்துக்கொண்டு நின்று வம்பு பேசுவது அவருக்கு வழக்கம்.

"என்ன அத்தான், புது விருந்தாளி வந்திருக்காராமே? சாப்டாரா?"

"தூங்கறாரு. சத்தம் போடாத."

அந்த விருந்தாளி ஒரு சிறிய நிறுவனத்திலிருந்து வந்திருந்தது. பச்சைக் குழந்தையின் மெத்தைக்கு அடியில் வைக்கும் கருவி ஒன்றை அவர்கள் செய்கிறார்கள். அது மூச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கும். மூச்சு தவறினால் மணி அடித்துப் பெற்றவர்களை எழுப்பும். பேட்டரி சீக்கிரம் தீராமலிருக்க, உள்ளே இருக்கும் சில்லை நொடிக்கொருதரம் அணைத்து, மறுபடி எழுப்பும். எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அண்மையில், பரிசோதனைக்கு வைத்திருந்த கருவிகளில் சில மணி அடிக்க மறந்தன. இன்னும் எந்தக் குழந்தையின் மெத்தைக்கும் அவை போகவில்லை. போகும் நாள் குறித்தாகிவிட்டது.

அந்தக் கருவியை வடிவமைத்த பெண் பொறியாளர்தான் தொலைபேசியில் பேசினாள். "எங்க ஆளுங்க என் சர்க்யூட்தான் தப்புங்கறாங்க சார். சிப்புல ஒண்ணுமில்லன்னு நீங்களும் சொல்லிட்டீங்கன்னா, நான் என் டிசைனக் கிழிச்சுப் போட்டுட்டு முதல்லேர்ந்து தொடங்கணும். தொடங்கறேன், அது பெரிசில்ல. ஆனா தப்பு அங்க இல்லன்னா, அது திரும்பவும் வரும். வர்றப்போ அது குழந்தைக்குப் பக்கத்துல இருக்கும்."

"இன்னும் தெரியலம்மா" என்றார் பதில்காரர்.

சில்லு எல்லாச் சோதனையிலும் தேறியது. சூட்டில் வைத்தார், தேறியது. குளிரில் வைத்தார், தேறியது. தட்டினார், அசைத்தார், ஊடுகதிரில் படம் எடுத்துப் பார்த்தார். நல்ல பிள்ளையாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னது. இப்படிப்பட்டவற்றுக்கு அந்தத் தொழிலில் ஆயத்தமான வாக்கியம் ஒன்று இருக்கிறது: 'குறை ஏதும் காணப்படவில்லை.' அதை எழுதி அனுப்பினால் கோப்பு மூடிவிடும்.

மச்சான் வாசலில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "அது நல்லாத்தான் இருக்கு அத்தான். உங்களுக்குத்தான் உடம்பு சரியில்ல. அனுப்பி விடுங்க."

"டாக்டர் ரூமுக்குள்ள வந்ததும் சிலருக்குக் காய்ச்சல் எறங்கிடும். அதுக்காகக் காய்ச்சலே இல்லன்னு எழுதிக் கொடுத்துடறதா?"

விடை அவருக்கு வேலையிடத்தில் கிடைக்கவில்லை. ஒரு விடுமுறை நாள் காலையில், கட்டில் விளிம்பில் கிடைத்தது. அவர் மெதுவாக விழிக்கிற ஆள். கண் திறந்திருக்கும், கால் தரையில் ஊன்றியிருக்கும், ஆனால் ஆள் வந்து சேர்ந்திருக்க மாட்டார். அன்றைக்கு மனைவி சன்னல் திரையைச் சிறிது சிறிதாக விலக்கி, தோளை லேசாகத் தொட்டு, "எழுந்திரிச்சாச்சா?" என்றாள். ஆச்சு என்று தலையாட்டினார். "குழாய்க்காரனுக்குப் போன் பண்ணிட்டீங்களா?" அதற்கும் தலையாட்டினார். "நான் யாரு?" அதற்கும் ஒரு தலையாட்டல்.

"உங்கள எழுப்பணும்னா ஒண்ணு வெடுக்குன்னு போர்வைய உருவணும், இல்ல அப்படியே விட்டுடணும். மெதுவா எழுப்பினா ரெண்டுங்கெட்டானா உக்காந்துடறீங்க" என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவர் அந்த விளிம்பிலேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். திரை இடுக்கு வழியே வந்த வெளிச்சம் முழங்காலில் ஏறி, மடியில் ஏறி, கைகளுக்கு வந்தது. சோதனைக்கூடத்தின் இயந்திரக் கைகளை நினைத்துக்கொண்டார். அவை சில்லுக்கு முழு மின்சாரத்தையும் ஒரே வீச்சில் கொடுக்கும். போர்வையை உருவுவதுபோல. ஆனால் பழசாகிப்போன ஒரு பேட்டரி அப்படிக் கொடுக்காது. அது திரையை விலக்குவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும்.

மறுநாள் சில்லை மேசைமேல் வைத்து, மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுமுனையை இரண்டு விரலால் பிடித்து, தூங்குகிற குழந்தையின் அறைக் கதவைத் திறக்கிற நிதானத்தில் திருப்பினார். மின்சாரம் ஏறி முடிந்தது. சில்லிடம் கேள்வி கேட்டார். பதில் இல்லை. அணைந்திருக்கிறதா என்று பார்த்தார். அணையவும் இல்லை, சொட்டுச் சொட்டாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது, ஆள் வந்து சேரவில்லை. உடனே பொறியாளருக்குக் கூப்பிட்டார். "உங்க சர்க்யூட்ல தப்பில்லம்மா. தப்பு எங்க சிப்புலதான். ஏன்னு இன்னும் தெரியல. அது தெரியற வர ஒண்ணையும் வெளிய அனுப்பாதீங்க."

ஏன் என்பது அவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. தெரிந்ததை விழுங்குவதுதான் கடினமாக இருந்தது.

இந்தத் தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி ஒன்று உண்டு. எதை மாற்றினாலும், மாற்றுமுன் வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டும். ஒட்டுகிற பசையை மாற்றினால் சொல்ல வேண்டும். துடைக்கிற துணியை வேறிடத்தில் வாங்கினால்கூடச் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சாமானை விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவே வேறு பாலம் கிடையாது. சில்லுக்கான தகடுகளை இவர்களுக்கு வார்த்துத் தரும் ஆலை, ஓர் உலையை மாற்றியிருந்தது, சொல்லவில்லை. பதில்காரர் கூப்பிட்டுக் கேட்டதற்கு அங்கிருந்தவர் குரலைத் தாழ்த்தி, "சின்ன மாத்தம் சார். சொல்ற அளவுக்கு இல்லன்னு நெனச்சோம்" என்றார். அதனால்தான் புதுத் தகட்டில் பிறந்த சில்லுகளில் சில மெதுவாக எழுப்பினால் தடுமாறின.

ஆனால் அப்படித் தடுமாறுகிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று இந்தக் கூடத்தில் இருக்கத்தானே செய்தது? பதில்காரருக்கு நினைவிருந்தது. மெதுவாக எழுப்பிப் பார்க்கும் சோதனை. போய்த் தேடினார். அது இல்லை. அதைப் பட்டியலிலிருந்தே எடுத்தவர் மச்சான்.

"ஆமா, எடுத்தேன்" என்றார் மச்சான், மறைக்காமல். "வருஷக்கணக்கா அதுல ஒருத்தன்கூட மாட்டல அத்தான். ஒருத்தனும் மாட்டாத செக்போஸ்ட்ட வச்சுக்கிட்டு எதுக்கு வண்டிய எல்லாம் நிறுத்தணும்? மிஷின் நேரம் மிச்சமாச்சு. மேல எல்லாரும் கை தட்டினாங்க."

"கஸ்டமர்ட்ட சொன்னியா?"

மச்சான் கண்ணாடிக்கு அப்பால் இயந்திரங்களைப் பார்த்தார். "சொல்ற அளவுக்கு இல்லன்னு நெனச்சேன்."

அன்று மாலை மச்சான் அக்கா வீட்டுக்கு வந்தார். சிரிப்பு வரவில்லை, ஆள் மட்டும் வந்தார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, தட்டில் வைத்ததைத் தொடாமல், "ஆலை மேல போட்டுடலாம் அத்தான்" என்றார். "பொய் இல்லையே. உலைய மாத்தினது அவங்கதானே. அதுலேர்ந்துதான எல்லாம்? அந்தப் பொண்ணுக்கு வேண்டியதும் அதுதான். நம்ம டெஸ்ட்டப் பத்தி அது கேக்கவே கேக்காது."

"கேக்காது" என்றார் பதில்காரர்.

"அப்புறம் என்ன?"

"கேக்கத் தெரியாதவங்ககிட்டதான் மச்சான் நாமளா சொல்லணும்."

அவருடைய மனைவி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். "என் தம்பிய மாட்டி விட்டுட்டு வந்து, எதுவும் நடக்காத மாதிரி இங்க சாப்பிட உக்காரலாம்னு மட்டும் நெனைக்காதீங்க" என்றாள். அதன் பிறகு அந்த வீட்டில் அவள் அவரோடு பேசவில்லை. சுவரோடு பேசினாள். "சாப்பாடு ஆறுதுன்னு யாராவது சொல்லுங்க." "வெளக்க அணைக்காம போனது யாருன்னு கேளுங்க." சுவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. பதில்காரர் சுவருக்குப் பதில் சொல்லிவந்தார்.

பெண் பொறியாளர் நேரில் வந்தாள். நீள மேசையின் ஒரு பக்கம் அவள் ஒருத்தி. எதிர்ப்பக்கம் தொழிற்சாலைத் தலைவர், மச்சான், இன்னும் சிலர். பதில்காரர் சில்லையும் திருகுமுனையையும் கொண்டுவந்து வைத்து, அவளையே திருப்பச் சொன்னார். அவள் வேகமாகத் திருப்பியபோது சில்லு விழித்துக்கொண்டது. மெதுவாகத் திருப்பியபோது நடுவிலேயே நின்றுவிட்டது. அவள் மறுபடி திருப்பினாள், மறுபடியும். ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஓர் அறையில், இருட்டில் சிறிய மூச்சு ஒன்று ஏறி இறங்குவதை அவள் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

பதில்காரர் ஆலையின் உலையைப் பற்றிச் சொன்னார். அவள் தலையசைத்தாள். மேசையைச் சுற்றி எல்லோரும் சற்றுத் தளர்ந்து உட்கார்ந்தார்கள்.

"இன்னொண்ணு இருக்கும்மா" என்றார் பதில்காரர். "இதப் புடிக்கற டெஸ்ட் ஒண்ணு எங்ககிட்ட இருந்துச்சு. உங்களுக்கு முதல்ல சிப்பு அனுப்பினப்போ இருந்துச்சு. நடுவுல எடுத்துட்டோம். உங்ககிட்ட சொல்லல. ஆலை எங்களுக்குச் செஞ்சதத்தான் நாங்க உங்களுக்குச் செஞ்சிருக்கோம்."

தலைவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மறுபடி கட்டிக்கொண்டார்.

"யார் எடுத்தது?" என்றாள் அவள்.

"கம்பெனி எடுத்துச்சு. பதில் சொல்ல வேண்டியவன் நான்."

"நான் எடுத்தேன்" என்றார் மச்சான். மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவருடைய குரல் அவ்வளவு சிறியதாக இருக்க முடியும் என்று அங்கு யாருக்கும் தெரியாது.

அவள் நன்றி சொல்லவில்லை, பாராட்டவில்லை. திருகுமுனையை மேசையின் நடுவுக்குத் தள்ளி வைத்தாள். பிறகு, "சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள்.

"தெரிஞ்சிருக்காது."

"எங்ககிட்ட இருக்கற அத்தனையும் திரும்ப வரும். ஒவ்வொண்ணையும் மெதுவா எழுப்பிப் பாத்துட்டு அனுப்புங்க. அதுவரைக்கும் எங்க கருவி வெளிய போகாது. அதுக்கப்புறம் உங்ககிட்ட வாங்குவோமான்னு..." என்று நிறுத்தினாள். "இன்னும் தெரியல சார்."

"சரிதாம்மா" என்றார் அவர். அவர் முகத்தில் இருந்தது நிம்மதியா என்று சொல்வது கடினம்.

மச்சானை மேலாளர் நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டார்கள். திரும்பி வந்த சில்லுகளை ஒவ்வொன்றாக எழுப்பிப் பார்க்கும் வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது; அவரையே போட்டார்கள். அவர் அத்தானோடு பேசவில்லை. எதிரே வந்தால் கண்ணாடிச் சுவரைப் பார்த்தபடி கடந்து போனார். "என் தம்பி நாளைக்கு டெஸ்ட் கூடத்துக்குள்ள எறங்கறானாம், யாருக்காவது தெரியுமா?" என்று மனைவி சுவரிடம் கேட்டாள். தெரியும் என்றார் பதில்காரர்.

மறுநாள் காலையில் சோதனைக்கூடத்தின் வாசலில் வேலையாட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். மனித உடம்பில் சேர்கிற மின்சாரம் நமக்கு உறைக்காது, ஆனால் தொட்ட மாத்திரத்தில் ஒரு சில்லைக் கொன்றுவிடும். அதனால் உள்ளே போகிறவர்கள் ஒவ்வொரு காலணிக்கும் குதிகாலில் ஒரு ரப்பர் பட்டையைக் கட்டி, அதன் நாடாவைக் காலுறைக்குள் செருகிக்கொள்வார்கள். உடம்பில் சேர்ந்ததெல்லாம் அதன் வழியே தரைக்குப் போய்விடும். பல வருடம் கூடத்தைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே பார்த்துப் பழகிய மச்சான், சுவரோரம் நின்று ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். வயிறு தடுத்தது. குனிந்து பார்த்தார். பட்டை கையிலிருந்து நழுவி விழுந்தது. பின்னால் யாரோ இருமினார்கள். வரிசை நகராமல் நின்றது.

பதில்காரர் தன் அறையிலிருந்து வந்து, பட்டையை எடுத்துக்கொண்டு, மச்சானின் காலடியில் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"அத்தான், எந்திரிங்க" என்றார் மச்சான், பல்லைக் கடித்துக்கொண்டு. "எல்லாரும் பாக்கறாங்க. அக்காவுக்குத் தெரிஞ்சா என்னை உண்டு இல்லன்னு ஆக்கிடுவா."

"பாக்கட்டும். அந்தக் கால நீட்டு."

மச்சான் ஒரு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டினார். பதில்காரர் காலுறையின் விளிம்பை இரண்டு விரலால் விரித்து, நாடா தோலில் படும்படி உள்ளே செருகிவிட்டார்.